மூக்கு வழி மருந்துகளில் உறிஞ்சல் ஊக்கிகள்: கைட்டோசானா, டிடிஎம்மா, இரண்டும் வேண்டாமா?

மருந்தாக்கவியல்_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் எம்.ஃபார்ம். இரண்டாம் ஆண்டு மாணவி. சுமாட்ரிப்டான் மருந்தை மூக்கு வழியாகச் செலுத்தும் ஜெல் ஒன்றைத் தயாரிப்பது என் ஆய்வுத் தலைப்பு. மாத்திரையாகக் கொடுக்கும் சுமாட்ரிப்டானில், பெரும்பாலும் கல்லீரலின் முதல் வடிகட்டலால், சுமார் 15 விழுக்காடுதான் இரத்தத்தை அடைகிறது; ஒற்றைத் தலைவலி வரும்போது வாந்தியும் இரைப்பை மந்தமும் சேர்ந்துகொண்டால் உறிஞ்சல் இன்னும் தடைபடுகிறது. ஏற்கெனவே சந்தையில் உள்ள 20 மில்லிகிராம் மூக்கு ஸ்ப்ரேயும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை என்பதால், உறிஞ்சலைக் கூட்டும் சேர்பொருள் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று தொடங்கினேன்.

மூக்கின் வெப்பத்தில் ஜெல்லாகும் பொலாக்சமர் 407, அதனுடன் 0.5 விழுக்காடு கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) என்பது என் கலவை. ஆட்டின் மூக்குச் சளிச்சவ்வை ஃபிரான்ஸ் கலத்தில் (சவ்வைக் கடக்கும் மருந்தை அளக்கும் கண்ணாடிக் கருவி) பொருத்தி, பி.எச். 6.4 பாஸ்பேட் பஃபரில் எட்டு மணி நேரம் பார்த்ததில், கைட்டோசான் சேர்த்த கலவையிலிருந்து மருந்து தெளிவாகவே அதிகம் கடந்தது. வழிகாட்டி இன்னொரு ஊக்கியுடன் ஒப்பிடச் சொல்கிறார். டோடெசில் மால்ட்டோசைடு, அதாவது டிடிஎம், நல்லது என்று படித்தேன். ஆனால் எங்கள் துறைக்கு அதன் விலை கட்டுப்படியாகாது. எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஊக்கிக்கு ஒரு கட்டுரையில் பிரமாதமான முடிவும் இன்னொன்றில் ஒன்றுமே இல்லாத முடிவும் வருவது ஏன்?

கலவைக்கூடம்:

வணக்கம் மாணவி. நான் ஸ்ப்ரே, இன்ஹேலர் கலவைகள் பக்கம் வேலை செய்கிறவன். எந்த ஊக்கி என்று கேட்பதற்கு முன், சுமாட்ரிப்டான் மூக்கில் எங்கே தடுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு உங்கள் முன்வரைவில் விடை இருக்க வேண்டும். தடை எங்கே என்று தெரியாமல் ஊக்கியைத் தேடுவதுதான் பெரும்பாலான ஆய்வேடுகளின் கோளாறு.

மூக்கின் உட்பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர். அதற்கு அடியில் இரத்தக் குழாய்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. அங்கு உறிஞ்சப்படும் மருந்து கல்லீரலின் முதல் வடிகட்டலுக்கு ஆட்படுவதில்லை. இவை எல்லாம் சாதகம். பாதகம் என்னவென்றால், ஒரு துளைக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டருக்கு மேல் ஊற்றினால் வழிந்துவிடும், உள்ளே தங்கியதையும் சளிச்சவ்வில் துடிக்கும் நுண்மயிர்களான குறு இழைகள் 15 முதல் 20 நிமிடத்துக்குள் பாதியளவு தொண்டைக்குத் தள்ளிவிடும். இந்தக் குறுகிய நேரத்துக்குள் மருந்து கரைந்திருக்க வேண்டும், சளியைக் கடக்க வேண்டும், செல் அடுக்கையும் கடக்க வேண்டும்.

ஒவ்வொரு மருந்தும் இதில் வெவ்வேறு இடத்தில் மாட்டிக்கொள்கிறது. டையசெபாம் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு, செல் சவ்வை அது எளிதில் கடந்துவிடும். அதன் சிக்கல் நீரில் கரையாமை. 10 மில்லிகிராமை 0.1 மில்லிலிட்டருக்குள் அடக்க வேண்டும் என்றால் நீரை மறந்துவிட வேண்டியதுதான். கால்சிட்டோனின் 32 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, மூலக்கூறு எடை சுமார் 3,400 டால்டன். அதற்கு அளவே தடை. ஆயிரம் டால்டனைத் தாண்டினால் மூக்கு வழி உறிஞ்சல் செங்குத்தாகச் சரிகிறது என்பது 1980களிலேயே தெரிந்துவிட்ட செய்தி. அட்ரினலின் 183 டால்டன்தான். ஆனாலும் நீர்நாட்டம் மிக்கது, அத்துடன் தான் உறிஞ்சப்பட வேண்டிய இரத்தக் குழாயைத் தானே சுருக்கிக்கொள்கிறது.

உங்கள் சுமாட்ரிப்டான் சுமார் 295 டால்டன். அளவு தடையில்லை, கரைதிறனும் தடையில்லை. ஆனால் அது ஒரு காரம், மூக்கின் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கையில் ஏறத்தாழ முழுவதும் மின்னூட்டம் பெற்ற வடிவில் கிடக்கும். மின்னூட்டம் பெற்றது கொழுப்புச் சவ்வுக்குள் நுழையாது. செல்களுக்கு இடையே உள்ள இறுக்கச் சந்திகளின் வழியேதான் அது போயாக வேண்டும். அந்த இடுக்கோ ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஆகவே சந்தியைத் தற்காலிகமாகத் தளர்த்தும் ஊக்கிக்கு இங்கே நியாயம் உண்டு. கைட்டோசான் அந்த வகைதான், மறுக்கவில்லை. 1994இல் லிஸ்பெத் இல்லம் குழுவினர் எலியிலும் செம்மறி ஆட்டிலும் இன்சுலினை வைத்துக் காட்டியதிலிருந்து அதற்கு நல்ல பெயர். நேர்மின்னூட்டம் பெற்ற அமீன் தொகுதிகள் எதிர்மின்னூட்டமுள்ள சளியோடு ஒட்டிக்கொள்கின்றன, சந்திகளையும் சற்றே திறக்கின்றன.

ஆனால் உங்கள் கலவையைப் பாருங்கள். கைட்டோசானின் பி.கே.ஏ., அதாவது அதன் அமீன்களில் பாதி மட்டும் மின்னூட்டம் பெற்றிருக்கும் பி.எச்., 6.5க்கு அருகில். நீங்கள் பஃபரை 6.4இல் வைத்தால் அமீன்களில் பாதி மின்னூட்டத்தை இழந்துவிடும், பாலிமரே வீழ்படிவாகத் தொடங்கும். அடுத்து ஜெல். ஒற்றைத் தலைவலிக்கு மருந்து வேகமாகச் சேர வேண்டும். நீங்களோ மருந்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும் ஜெல்லுக்குள் அதை அடைத்திருக்கிறீர்கள். ஐரோப்பாவில் 2010இல் அங்கீகாரம் பெற்ற ஃபென்டனில் மூக்கு ஸ்ப்ரே ஒன்றில் பெக்டின் இருக்கிறது. சளியில் உள்ள கால்சியத்தைத் தொட்டதும் அது ஜெல்லாகிறது. அங்கே அதைச் சேர்த்ததன் நோக்கம் உறிஞ்சலின் உச்சத்தை மட்டுப்படுத்துவது. நீங்கள் கேட்பதோ அதற்கு நேர் எதிரானது.

கடைசியாக அந்த எட்டு மணி நேரம். மூக்கில் மருந்துக்குக் கிடைப்பது கால் மணி நேரம். எட்டாம் மணி நேரத்துப் புள்ளியை வைத்து இரண்டு கலவைகளை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. உங்கள் தரவில் முதல் 15, 30 நிமிடங்களில் என்ன வேறுபாடு இருக்கிறது என்று பாருங்கள்.

காது_மூக்கு_தொண்டை:

கலவைக்கூடம் சொன்னதோடு மருத்துவர் பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. ஃபிரான்ஸ் கலத்தில் இல்லாத ஒன்று குறு இழைகளின் துடிப்பு. எங்களிடம் அதைச் சோதிக்க மிக எளிய முறை ஒன்று உண்டு. சாக்கரின் துகள் ஒன்றைக் கீழ் டர்பினேட்டின் (மூக்கினுள் நீட்டியிருக்கும் எலும்பு மடிப்பு) முன்முனைக்குச் சற்றே பின்னால் வைத்துவிட்டு, தும்மாமலும் மூக்கை உறிஞ்சாமலும் உட்காரச் சொல்லி, தொண்டையில் இனிப்பு எப்போது தெரிகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்போம். ஆரோக்கியமான மூக்கில் பெரும்பாலும் 20 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். அரை மணி நேரம் தாண்டினால் சந்தேகிப்போம். நாட்பட்ட சைனஸ் அழற்சி உள்ளவர்களிடமும் புகைப்பவர்களிடமும் அது நீண்டுகொண்டே போவதைப் பார்க்கலாம்.

உறிஞ்சல் ஊக்கி என்ற பெயரில் வரும் பல பொருள்கள் இந்தத் துடிப்பை நிறுத்திவிடுகின்றன. துடிப்பு நின்றால் மருந்து அதிக நேரம் தங்கும், உறிஞ்சலும் கூடும். கட்டுரையில் அது வெற்றியாகப் பதிவாகும். ஆனால் அந்தத் துடிப்புதான் நாம் மூச்சில் இழுக்கும் தூசியையும் கிருமியையும் வெளியேற்றுகிறது. ஆகவே உறிஞ்சல் எவ்வளவு கூடியது என்ற வரைபடத்தின் அருகில், துடிப்பு எவ்வளவு குறைந்தது, எத்தனை மணி நேரத்தில் மீண்டது என்ற வரைபடமும் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

இன்னொன்று: ஸ்ப்ரே அடித்தவுடன் அந்த 150 சதுர சென்டிமீட்டர் முழுவதும் மருந்து பரவிவிடுவதாக எண்ண வேண்டாம். பெரும்பகுதி மூக்கின் முன்வாயிலுக்கு அருகே, வால்வு எனப்படும் குறுகலான இடத்தைச் சுற்றியே விழுகிறது. நோயாளி தலையை அண்ணாந்து பலமாக உறிஞ்சினால் நேராகத் தொண்டைக்கு. சுமாட்ரிப்டானின் கசப்பு நாக்கில் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வது இதனால்தான். அந்தப் பங்கு மாத்திரையைப் போல வயிற்றின் வழியே போகிறது.

பழைய_ஆசிரியர்:

மாணவியின் இரண்டாம் கேள்விக்கு, அதாவது முடிவுகள் ஏன் இவ்வளவு முரண்படுகின்றன என்பதற்கு, இன்சுலினின் கதையே போதுமானது. நான் மருந்தியல் கற்பித்த காலத்தில் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

1983இல் டீஆக்சிகோலேட் என்ற பித்த உப்போடு இன்சுலினைச் சேர்த்து மனிதர்களின் மூக்கில் தெளித்தார்கள். இரத்தச் சர்க்கரை இறங்கியது. 1985இல் லாரெத்-9 என்ற சர்ஃபேக்டன்டோடு (சோப்பைப் போல நீரையும் கொழுப்பையும் இணைக்கும் பொருள்) சேர்த்துத் தெளித்தார்கள், அப்போதும் இறங்கியது. ஊசியின் காலம் முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். முடியவில்லை. பித்த உப்பும் லாரெத்தும் செல் சவ்வின் கொழுப்பையே கரைத்துக்கொண்டு வழி உண்டாக்குகின்றன. மூக்கு எரிந்தது, அடைத்தது. உட்சென்ற பங்கோ ஊசி டோஸில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில். 40 யூனிட் தேவைப்படுபவர் 400 யூனிட்டைத் தெளித்துக்கொள்ள வேண்டும் என்றால் விலை ஒருபுறம். இன்று பத்து விழுக்காடும் நாளை இருபது விழுக்காடும் போனால் தாழ்சர்க்கரை மயக்கம் மறுபுறம். அதையும் உணவு வேளைதோறும், வாழ்நாள் முழுவதும்.

அடுத்து வந்தது சைக்ளோடெக்ஸ்ட்ரின். டைமெதில் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினை 5 விழுக்காடு சேர்த்தபோது, 1991இல் டச்சு ஆய்வுக்குழு எலிகளிடம் கண்ட இன்சுலின் உறிஞ்சல் ஏறத்தாழ முழுமையானது. அதே கரைசலை முயலின் மூக்கில் விட்டால் அசைவே இல்லை. மனிதர்களிடமும் அப்படியே, பின்னர் தூளாக்கிக் கொடுத்துப் பார்த்தும் ஒற்றை இலக்க விழுக்காட்டைத் தாண்டவில்லை.

எலி ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்றால், அந்த ஆய்வு செய்யப்படும் முறையைப் பார்க்க வேண்டும். எலியை மயக்கி, மல்லாக்கக் கிடத்தி, மூச்சுக்குழலில் தனிக் குழாய் சொருகிவிடுவார்கள். உணவுக்குழாய் வழியாக இன்னொரு குழாயை மேலே செலுத்தி மூக்கின் பின்வாயிலை அடைப்பார்கள். மூக்கிலிருந்து வாய்க்குச் செல்லும் நுண் குழாயைப் பசை வைத்து மூடுவார்கள். இப்போது மூக்கு எல்லாப் பக்கமும் அடைபட்ட குப்பி. உள்ளே விட்ட மருந்துக்கு உறிஞ்சப்படுவதைத் தவிர வேறு போக்கிடமே இல்லை. மயக்க மருந்தால் குறு இழைகளும் மந்தமாகிவிடும். இந்த நிலையில் கிடைத்த எண்ணை, நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சும் மனிதருக்குப் பொருத்திப் பார்ப்பது எப்படிச் சரியாகும்? கட்டுரையைப் படிக்கும்போது முடிவு அட்டவணைக்கு முன் இந்தச் செய்முறைப் பத்தியைப் படியுங்கள். முரண்பாட்டில் பெரும்பகுதி அங்கேயே விளங்கிவிடும்.

மருந்தாக்கவியல்_மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் 30 நிமிடத் தரவைத் தனியே எடுத்துப் பார்த்தேன்; இரண்டு கலவைகளுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. ஜெல் இல்லாத எளிய கரைசல் இரண்டையும் முந்துகிறது.

ஒரு ஐயம். பித்த உப்பும் லாரெத்தும் சர்ஃபேக்டன்ட் என்பதால் தோற்றன என்றால், டிடிஎம்மும் சர்ஃபேக்டன்ட்தானே? அது மட்டும் எப்படி அங்கீகாரம் பெற்ற மருந்துகளுக்குள் நுழைந்தது?

கலவைக்கூடம்:

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். டிடிஎம் என்பது 12 கார்பன் சங்கிலி ஒன்றை மால்ட்டோஸ் சர்க்கரையோடு இணைத்த மூலக்கூறு; மின்னூட்டம் இல்லாதது. அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் பில்லியன், மீசான் ஆகியோர் இந்த வகை ஆல்கைல் சர்க்கரைகளை 1994இல் இன்சுலின் சொட்டு மருந்தில்தான் முதலில் எலிகளிடம் சோதித்தார்கள். பின்னர் ஏஜிஸ் என்ற நிறுவனம் இன்ட்ராவெயில் என்ற பெயரில் அதை வணிகமாக்கியது. உடைந்தால் சர்க்கரையும் லாரிக் வகைக் கொழுப்பும்தான் மிஞ்சும் என்பது அதன் நல்ல குணம். 0.1 முதல் 0.25 விழுக்காடு வரை சேர்த்தாலே வேலை செய்கிறது. சந்திகளைத் தளர்த்துகிறது, செல் சவ்வையும் சற்றே நெகிழ்த்துகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் வேதியியல் அல்ல. எந்தெந்த மருந்துகளில் அது நுழைந்தது என்று வரிசையாகப் பாருங்கள். 2019 ஜனவரியில் டோசிம்ரா: உங்கள் சுமாட்ரிப்டானேதான், 10 மில்லிகிராம், 0.2 விழுக்காடு டிடிஎம். நம் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் குழுமத்தின் உருவாக்கம். பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது, 4 மில்லிகிராம் ஊசிக்கு ஒப்பாக இரத்தத்தில் ஏறுகிறது. 20 மில்லிகிராம் பழைய ஸ்ப்ரேவுக்கு உச்சம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2020 ஜனவரியில் வால்டோகோ: டையசெபாம், வைட்டமின் ஈ, எத்தனால், பென்சைல் ஆல்கஹால், டிடிஎம், உயிர்க்கிடைப்பு (இரத்தத்தை அடையும் பங்கு) 97 விழுக்காடு. 2023 மே மாதத்தில் ஓப்வீ: ஓபியாய்டு (அபின் வகை மருந்து) மிகைக்கு நால்மெஃபீன். 2024 ஆகஸ்டில் நெஃபி: ஒவ்வாமை அதிர்ச்சிக்கு 2 மில்லிகிராம் அட்ரினலின்.

தலைவலித் தாக்குதல், வலிப்பு, மிகை மருந்து, ஒவ்வாமை அதிர்ச்சி. இவற்றில் ஒன்றுகூட நாள்தோறும் போடும் மருந்து இல்லை. எப்போதோ ஒருமுறை, உயிருக்கோ கடும் வேதனைக்கோ எதிராக அடிக்கப்படுபவை. அந்த ஒருமுறையில் சளிச்சவ்வு சற்றுச் சீர்குலைந்தால் மூக்குக்கு ஆறுவதற்கு வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. இன்சுலினுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே, என் கணிப்பில், ஓர் ஊக்கியின் தலையெழுத்தை அதன் வேதியியலைவிட அது எத்தனை முறை மூக்கில் விழப்போகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. பாக்சிமி என்ற குளுக்ககான் தூளும் இதே கணக்கில்தான் வரும். 2019 ஜூலையில் வந்தது; டோடெசில்ஃபாஸ்ஃபோகோலின் என்ற ஊக்கியும் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரினும் உள்ளன; 1 மில்லிகிராம் ஊசிக்குப் பதில் 3 மில்லிகிராம். மூன்றில் இரண்டு பங்கு வீணாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மயங்கிக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மருந்தைக் கலக்காமல், ஊசியைத் தொடாமல் கொடுக்க முடிகிறது, அதுதான் முக்கியம்.

எதிர்வாதி:

கலவைக்கூடத்தின் கருத்து கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அவருக்குச் சாதகமான உதாரணங்களை மட்டும் எடுத்துக்கொண்டதாகத் தோன்றுகிறது. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட நாக்டிவா, இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கான டெஸ்மோபிரெசின் ஸ்ப்ரே. நாள்தோறும் இரவில் போடுவது. அதில் சைக்ளோபென்டாடெக்கனோலைடு என்ற ஊக்கி இருந்தது. ஐரோப்பாவில் ஏரோடியால் என்ற ஈஸ்ட்ரடையால் ஸ்ப்ரே விற்கப்பட்டது. மெதிலேற்றிய சைக்ளோடெக்ஸ்ட்ரின் அதன் சேர்பொருள், அதுவும் தினசரி மருந்து. இவ்விரண்டும் ஒழுங்குமுறை அமைப்புகளைத் தாண்டித்தானே வந்தன?

போகட்டும், பென்சால்கோனியம் குளோரைடு? பதனப்பொருள் என்ற பெயரில் அது எத்தனையோ தினசரி மூக்கு ஸ்ப்ரேக்களில் இருக்கிறது. நேர்மின்னூட்டமுள்ள சர்ஃபேக்டன்ட் அது. ஆய்வகத்தில் குறு இழைத் துடிப்பைக் குறைப்பதாகப் பல கட்டுரைகள் உண்டு. ஓபியாய்டு மிகைக்கான நலோக்சோன் ஸ்ப்ரேயில் அதுவும் ஈடிடிஏவும் சேர்ந்தே இருக்கின்றன. ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து இழுக்கும். இறுக்கச் சந்தி நிற்பதே கால்சியத்தின் துணையால். அப்படியானால் பதனப்பொருள் எது, ஊக்கி எது?

பழைய_ஆசிரியர்:

எதிர்வாதியின் உதாரணங்கள் சரியானவை. ஆனால் அவற்றின் பின்கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாக்டிவாவின் மருந்துக் குறிப்பேட்டிலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை இருந்தது: இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அது ஊக்கியின் குற்றமல்ல, டெஸ்மோபிரெசினின் குணம். ஆனாலும் டோஸ் மைக்ரோகிராம் அளவில் இருக்கும், கொஞ்சம் கூடினாலும் தீங்கு வரும் மருந்துக்கு மூக்கு வழி உறிஞ்சலின் ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரிய தலைவலி என்பதற்கு அது சான்று. வணிகத்திலும் அது நிற்கவில்லை. ஏரோடியாலும் இன்று சந்தையில் இல்லை.

அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் எண் தருகிறேன். சால்மன் கால்சிட்டோனின் ஸ்ப்ரேயின் உயிர்க்கிடைப்பு சராசரி 3 விழுக்காடு என்று அதன் மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. அடுத்த சொல்லிலேயே வீச்சு 0.3 முதல் 30.6 வரை என்கிறது. நூறு மடங்கு. கால்சிட்டோனின் பாதுகாப்பு எல்லை அகன்ற மருந்து என்பதால் இது தாங்கியது. ஊக்கி சேர்ப்பதன் உண்மையான பயன் சராசரியை உயர்த்துவதைவிட இந்த வீச்சைச் சுருக்குவதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். 97 விழுக்காடு உறிஞ்சப்படும் டையசெபாமில் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுபட இடமே இல்லை. எனவே கலவைக்கூடம் சொல்லும் "எத்தனை முறை" என்பதோடு, "தவறினால் என்ன ஆகும்" என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

காது_மூக்கு_தொண்டை:

பென்சால்கோனியம் பற்றி: ஆய்வகக் கிண்ணத்தில் குறு இழை நிற்பதும், மனித மூக்கில் சளியால் நீர்த்துப்போன நிலையில் நிகழ்வதும் ஒன்றல்ல. ஒவ்வாமைக்கு அதைக் கொண்ட ஸ்ப்ரேயை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களின் மூக்கை நாள்தோறும் பார்க்கிறேன். சவ்வு அழிந்துபோன மூக்குகள் அவை அல்ல. ஆனாலும் வறட்சியும் எரிச்சலும் சொல்பவர்களுக்கு அது இல்லாத ஸ்ப்ரேக்கு மாற்றினால் நிம்மதி என்று சொல்வதுண்டு. ஆகவே எதிர்வாதியின் கேள்வி நியாயமானது. ஒரே பொருள் 0.01 விழுக்காட்டில் பதனப்பொருளாகவும் அதற்கு மேல் ஊக்கியாகவும் நடந்துகொள்கிறது.

நெஃபி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை அதிர்ச்சி வருபவருக்கு மூக்கு ஏற்கெனவே வீங்கி ஒழுகிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமானவர்களிடம் அளந்த உறிஞ்சல் அங்கே பொருந்துமா? 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ இதைக் கேட்டுத்தான் அங்கீகாரத்தைத் தள்ளிவைத்தது. மூக்கில் ஒவ்வாமையைத் தூண்டிய நிலையில் இரண்டு டோஸ் கொடுத்து அளந்து வரச் சொன்னது. அழற்சியுள்ள மூக்கில் அட்ரினலின் வேகமாக ஏறி, வேகமாக இறங்குவதாகத் தெரியவந்ததே காரணம். நோயுற்ற சவ்வு தானே கசிவுள்ளதாகிவிடுகிறது. அதன் மேல் ஊக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். குளுக்ககான் தூளில் சாதாரணச் சளிபிடித்த நிலையில் பெரிய மாற்றம் இல்லை என்பது நல்ல செய்தி.

வலிப்புப்_பிள்ளையின்_அம்மா:

ஐயா, நான் மருந்துத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் மகனுக்கு வலிப்பு வந்தால் அடிப்பதற்கு மிடசோலாம் மூக்கு ஸ்ப்ரே வைத்திருக்கிறோம். நல்ல பலன் தெரிகிறது. ஆனால் நினைவு திரும்பியதும் மூக்கு பயங்கரமாக எரிகிறது என்று அழுகிறான். நீங்கள் பேசும் இந்த ஊக்கிதான் எரிச்சலுக்குக் காரணமா? இதனால் மூக்கு கெட்டுவிடுமா?

காது_மூக்கு_தொண்டை:

அம்மா, பெரும்பாலும் அது ஊக்கியால் வரும் எரிச்சல் அல்ல. மிடசோலாம் அமிலத் தன்மையுள்ள நீரில்தான் கரையும், பி.எச். 4க்கும் கீழே வைத்தால்தான் தெளிந்த கரைசலாக நிற்கும். அந்த அமிலம்தான் எரிகிறது. சில நிமிடங்களில் அடங்கிவிடும், எப்போதாவது ஒருமுறை அடிப்பதால் மூக்கு கெட்டுவிடாது. வலிப்பு நீடிப்பதன் ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்த எரிச்சல் மிகச் சிறியது, ஆகவே எரியுமே என்று தயங்கி மருந்தைத் தாமதப்படுத்த வேண்டாம். டோஸ், எந்த ஸ்ப்ரே என்பவற்றை உங்கள் நரம்பியல் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கலவைக்கூடம்:

மருத்துவர் சொன்னதற்கு ஒரு துணுக்கு: 2019 மே மாதத்தில் அமெரிக்காவில் வந்த மிடசோலாம் ஸ்ப்ரேயில் அமிலத்தை விட்டுவிட்டு எத்தனால், புரோப்பிலீன் கிளைக்கால், பாலிஎத்திலீன் கிளைக்கால் கலவையில் கரைத்திருக்கிறார்கள். ஊக்கி என்று தனியாக எதுவும் இல்லை; உயிர்க்கிடைப்பு 44 விழுக்காடு, வேலைக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். கரைப்பானைச் சரியாகத் தேர்ந்தால் ஊக்கியே வேண்டியிருக்காது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மாணவிக்கு: உங்கள் திட்டத்தை இப்படி மாற்றலாம். ஜெல்லை விட்டுவிடுங்கள். எளிய கரைசல் ஒன்று, அதே கரைசலில் கைட்டோசான் ஒன்று, டிடிஎம் ஒன்று. கைட்டோசானை ஹைட்ரோகுளோரைடு அல்லது குளுட்டமேட் உப்பாக எடுத்து, பி.எச்.ஐ 5.5 அளவில் வையுங்கள். டிடிஎம் 0.2 விழுக்காடுதான் தேவை. ஆய்வகத்துக்கு ஒரு கிராம் வாங்கினால் உங்கள் காலம் முழுவதற்கும் போதும், எனவே விலை பற்றிய கவலை நீங்கள் நினைக்கும் அளவுக்கு இராது. மேற்புறத்தில் ஒரு மில்லிலிட்டரை ஊற்றி எட்டு மணி நேரம் ஊற வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் நோயாளியின் மூக்கு ஒருபோதும் பார்க்காத அளவு ஊக்கியை அந்தச் சிறு துண்டின் மேல் நிறுத்துகிறீர்கள். எந்த சர்ஃபேக்டன்டும் அங்கே வெற்றி பெறும். சதுர சென்டிமீட்டருக்குச் சில மைக்ரோலிட்டர் மட்டும் விட்டு, 5, 10, 15, 30 நிமிடங்களில் மாதிரி எடுங்கள்.

பிறகு முக்கியமான பகுதி. 20 நிமிடத்தில் ஊக்கியைக் கழுவிவிட்டு, சவ்வின் மின்தடை (சந்திகள் திறந்தால் இது குறையும்) மீள்கிறதா என்று அளவிடுங்கள். மீளாவிட்டால் நீங்கள் திறந்தது கதவை அல்ல, சுவரை இடித்திருக்கிறீர்கள். சவ்வை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்த படத்தையும் சேருங்கள். உறிஞ்சல் மும்மடங்கு கூடி மின்தடை மீளாத கலவையைவிட, இரு மடங்கு கூடி முழுமையாக மீண்ட கலவைக்கே நான் மதிப்பெண் போடுவேன்.

எதிர்வாதி:

வெட்டி எடுத்த ஆட்டுச் சவ்வு மின்தடை மீளும் அளவுக்கு உயிரோடு இருக்குமா? ஆய்வகத்தில் வளர்க்கும் ஆர்.பி.எம்.ஐ. 2650 மூக்குச் செல்களோ, கலு-3 நுரையீரல் செல்களோ இதற்குப் பொருத்தமாக இராதா?

பழைய_ஆசிரியர்:

இருந்தால் நல்லதுதான்; செல் வளர்ப்பு வசதி எல்லாக் கல்லூரியிலும் இல்லை. இல்லாத இடத்தில், 24 மணி நேர மீட்சியை எதிர்பார்க்காமல், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மீளும் போக்கு தெரிகிறதா என்பதை ஆட்டுச் சவ்விலேயே பார்க்கலாம். ஊக்கி போடாத துண்டு ஒன்றைப் பக்கத்திலேயே ஓட்டி, அதன் சரிவைக் கழித்துக்கொள்ள வேண்டும். வெறும் பாஸ்பேட் பஃபரை விட்டுவிட்டு, குளுக்கோசும் கால்சியமும் உள்ள கிரெப்ஸ் கரைசலில் ஆக்சிஜன் செலுத்தி வையுங்கள். பாஸ்பேட் பஃபரில் கால்சியம் இல்லை. அதில் ஊறும் சவ்வின் சந்திகள் ஊக்கி எதுவும் இல்லாமலேயே தளர்ந்துவிடும், நீங்கள் அதைக் கைட்டோசானின் சாதனையாக எழுதிவிடுவீர்கள்.

மருந்தாக்கவியல்_மாணவி:

கிரெப்ஸ் கரைசல் எங்கள் மருந்தியல் துறையில் உண்டு, ஆக்சிஜன் உருளையும் கேட்டு வாங்கிவிடலாம். சவ்வைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா ஐயா? இதுவரை எங்கள் துறை உதவியாளர் காலையில் இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டுத் தலையை வாங்கி வருவார்; நாங்கள் பதினொரு மணி வாக்கில் பிரித்தெடுப்போம்.

பழைய_ஆசிரியர்:

முதலில் அந்தத் தலை வாட்டிய தலையா, வாட்டாத தலையா என்று கேளுங்கள். கடையில் முடியைப் போக்கத் தலையை நெருப்பில் வாட்டித்தான் விற்பார்கள். அந்தச் சூட்டுக்குப் பிறகு உள்ளே உள்ள சவ்வில் சோதிக்க எதுவும் மிஞ்சாது, வெந்த தோலைத்தான் நீங்கள் ஃபிரான்ஸ் கலத்தில் பொருத்துகிறீர்கள். கடைக்குப் போகாமல் இறைச்சிக் கூடத்துக்கே விடியற்காலையில் ஒருவரை அனுப்பி, அறுத்தவுடன் வாட்டாத தலையை வாங்கச் சொல்லுங்கள். மூக்கின் நடுச்சுவரின் கீழ்ப்பகுதியில் இளஞ்சிவப்பாக உள்ள சுவாசப் பகுதிச் சவ்வை மட்டும் உரித்தெடுத்து, அங்கேயே குளிர்ந்த கிரெப்ஸில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டு வர வேண்டும். மேலே மஞ்சளாகத் தெரிவது மோப்பப் பகுதி. அது தடிப்பும் அமைப்பும் வேறு, இரண்டையும் கலந்து எடுத்தால் உங்கள் பிழைக்கோடுகள் வரைபடத்தையே விழுங்கிவிடும். ஒவ்வொரு துண்டிலும் மருந்து போடும் முன் மின்தடையை அளந்து, மிகக் குறைவாக உள்ள துண்டுகளைக் கழித்துவிட்டு, எத்தனை கழித்தீர்கள் என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.